குடித்தது ஊருக்கே தெரியும், நிறுத்துவது மட்டும் ஏன் ரகசியம்?

வாசகர் கேள்வி:

எனக்கு 39 வயது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் மில் வேலைக்கு வந்த குடும்பம். பீன்யாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சி.என்.சி. மெஷின் ஓட்டுகிறேன். குடிக்க ஆரம்பித்து பதினைந்து வருடம் இருக்கும். இப்போது தினமும் நாலு நைன்டி. காலையில் ஒன்று போட்டால்தான் கை நடுக்கம் நின்று மெஷினைத் தொட முடிகிறது. ஆனால் வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவன் நான். போன கார்த்திகையில் மாலை போட்ட இரண்டாம் நாள் மதியம், ஷிஃப்டிலேயே ஃபிட்ஸ் வந்து விழுந்துவிட்டேன். அம்மா சாமி குத்தம் என்கிறார். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். பயத்தில் மாலையைக் கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

நிறுத்த வேண்டும். யாருக்கும் தெரியாமல், வீட்டிலேயே, மாத்திரை வைத்து நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள். நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லாதீர்கள், பைத்தியம் என்று பெயர் வந்துவிடும். மனைவி கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறாள். எனக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க ஒரு பவுடர் வாங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள், பார்த்ததும் பெரிய சண்டை. மச்சான், ஊருக்கு வெளியே ஒரு சென்டரில் மூன்று மாதம் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். எட்டாவது படிக்கும் மகள், "அப்பா, நீ எப்பவும் மாலையோடவே இரேன்" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

தம்பி, மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் ஒன்று. இதைப் படித்துவிட்டு வீராப்பாக நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். குடியை விடச் சொல்வதையே 26 வருடமாகப் பிழைப்பாக வைத்திருப்பவள் இப்படி எழுதுவது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை வலிப்பு வந்த ஆள் மறுபடி வீட்டில் தனியாகத் திடீரென்று நிறுத்தினால் மறுபடியும் வலிப்பு வர வாய்ப்பு அதிகம். அடுத்த தடவை அது மெஷினுக்கு முன்னால் வருமா, பைக்கில் போகும்போது வருமா என்று யாருக்கும் தெரியாது. டாக்டரைப் பார்க்கும்வரை அளவைக் கூட்டாதீர்கள், அதே சமயம் ஒரேயடியாக வெட்டவும் செய்யாதீர்கள். அந்த "டாக்டரைப் பார்க்கும்வரை" என்பது இந்த வாரத்துக்குள் இருக்கட்டும், அடுத்த கார்த்திகை வரை இழுக்க வேண்டாம். அவர் சரி என்று சொல்லும்வரை மெஷினும் வேண்டாம், பைக்கும் வேண்டாம்.

உங்களுக்கு நடந்தது சாமி குத்தம் இல்லை. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டலாம். ஹேண்ட் பிரேக் போட்டபடியே தினமும் வண்டி ஓட்டுகிறவர் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதித்துப் பழகிவிடுவார் இல்லையா, மூளையும் அப்படித்தான். சாராயம் மூளையை அமுக்குகிறது, வேலை நடக்க வேண்டுமே என்று மூளை எதிர்ப்பக்கமாக முடுக்கிக்கொள்கிறது, வருடக்கணக்கில் அது அப்படியே பழகிவிடுகிறது. ஒரு நாள் மாலை போட்டுக் குடியை மட்டும் சட்டென்று எடுத்துவிட்டால் முடுக்கிய முடுக்கு அப்படியே இருக்கும், வண்டி பாயும். கடைசி மடக்கு உள்ளே போன ஆறெட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு எல்லாம் தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வந்துவிடும், உங்களுக்கு வந்தது போலவே.

அதைவிட மோசமான ஒன்று இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் வரும். டெலிரியம் ட்ரெமன்ஸ், வார்டில் டி.டி. என்போம். ஆளுக்கு இரவா பகலா என்று தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். வைத்தியம் இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஒருமுறை ஒரு ஆட்டோ டிரைவர், ராத்திரி முழுக்கக் கட்டில் கம்பியை ஹேண்டில் மாதிரிப் பிடித்துக்கொண்டு மெஜஸ்டிக்குக்கு சவாரி ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் நான் பக்கத்தில் போனதும் மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் கேட்டார். வார்டே சிரித்தது, நானும்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆள் தெளிந்தபோது அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை.

முந்தைய வருடங்களில் 48 நாள் இருக்க முடிந்ததே என்பீர்கள். இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. இந்த ஊரில் தமிழ் ஆம்பிளைகள் பாதிப் பேர் தாங்கள் குடிநோயாளி இல்லை என்பதற்குச் சாட்சியாக ஐயப்பனைத்தான் கூப்பிடுகிறார்கள். முன்பு உடம்பு விட்டுக்கொடுத்தது, அதனால் முடிந்தது. இப்போது உடம்பே அதைக் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டீர்கள். காலையில் நடுக்கத்துக்குப் போடுகிறீர்களே, அதுதான் அடையாளம். நாலு நைன்டி என்றால் 360 மில்லி, அதில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயம். கணக்குப் பார்த்தால் தினமும் ஒரு டம்ளர் நிறையச் சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது. இதில் மனஉறுதி எங்கிருந்து வந்தது? ஆனால் அந்த 48 நாளை வேறு ஒரு காரணத்துக்காக நான் தள்ளிவிட மாட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்தக் குளுக்கோஸ் விஷயம். இது ஊரெங்கும் நடக்கிறது. குடிக்கிறவர் சோர்ந்து போய்க் கிளினிக்குக்கு வந்தால் ஒரு பாட்டில் ட்ரிப்ஸ், முடிந்தது கதை. பல வருடமாகக் குடிக்கிறவர்கள் உடம்பில் தயாமின், அதாவது பி1 வைட்டமின், வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் சர்க்கரையை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளைக்கே பாதிப்பு வரலாம். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், ஆள் குழம்பிப் போவார், சிலருக்கு ஞாபகசக்தி திரும்பி வருவதே இல்லை. அதனால்தான் குடிநோய் வார்டில் முதல் ஊசியே பி1 ஆக இருக்கும். இனி எந்த டாக்டர் ட்ரிப்ஸ் போட வந்தாலும், "சார், நான் தினமும் குடிக்கிறவன்" என்று முதலில் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அது இல்லை.

சரி, இப்போது உங்கள் முதல் நிபந்தனைக்கு வருவோம். யாருக்கும் தெரியக் கூடாது என்கிறீர்கள். யாருக்குத் தம்பி? தெருமுனை எம்.ஆர்.பி. மதுக்கடைக்காரருக்குத் தெரியும். ஷிஃப்டில் பக்கத்து மெஷின்காரருக்கு வாடையிலேயே தெரியும். காலை ஷிஃப்டுக்கு முன்னால் கடை திறந்திருக்காது, ஆகவே ராத்திரியே ஒரு பாக்கெட் வாங்கி பைக் சீட்டுக்கு அடியிலோ பாத்ரூம் ஜன்னலிலோ வைத்துக்கொள்கிறீர்கள், அது எங்கே என்று உங்கள் மனைவிக்கும் அநேகமாக மகளுக்கும் தெரியும் (இதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வேறு எப்படி?). பதினைந்து வருடம் ஊரறியக் குடித்துவிட்டு, நிறுத்துவதை மட்டும் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள். இது உங்கள் ஒருவர் பிரச்சினை இல்லை, உங்கள் வீடு முழுக்கவே இப்படித்தான் இருக்கிறது. நீங்கள் ரகசியமாக மாத்திரை தேடுகிறீர்கள், மனைவி ரகசியமாகப் பவுடர் வாங்குகிறார், அம்மா அக்கம்பக்கத்தில் சாமி குத்தம் என்று சொல்லி மூடுகிறார். ரகசியமாக நிறுத்துகிறவருக்கு ரகசியமாக மறுபடி ஆரம்பிப்பதும் சுலபம், கேட்க ஆளே இல்லையே. அதற்காக ஊரைக் கூட்டி மைக் போடச் சொல்லவில்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், சரியான நாலு பேருக்கு.

வீட்டிலேயே மாத்திரை வைத்து நிறுத்துவது எல்லோருக்கும் கூடாது என்றும் சொல்ல மாட்டேன். நடுக்கம் லேசாக இருந்து, இதுவரை வலிப்பு வராமல், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் சில டாக்டர்கள் தினமும் வரச்சொல்லி வீட்டிலிருந்தபடியே செய்வார்கள். உங்களுக்கு அந்தக் கதவு அந்த இரண்டாம் நாள் மதியமே மூடிவிட்டது. அட்மிட் ஆகித்தான் ஆக வேண்டும். அந்த மாத்திரைகளைத் தெரிந்த மெடிக்கலில் கேட்டு வாங்கலாம் என்றும் நினைக்காதீர்கள். குளோர்டயாசிபாக்சைடு, டயாசிபாம் வகை மருந்துகள் அவை, முடுக்கத்தை மெல்ல இறக்க முதல் நாள் கூடுதலாகக் கொடுத்து ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். அதையே குடியோடு சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கிவிடும். நாமாகவே போட்டுக்கொண்டிருந்தால் குடி போய் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம், அப்படி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நிம்ஹான்ஸ் போகச் சொல்லாதீர்கள் என்றீர்கள். சொல்லத்தான் போகிறேன். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே ஒருவரை ஒருவர் நிம்ஹான்ஸ் கேஸ் என்று கிண்டல் செய்த பழக்கம், அதனால் வரும் கூச்சம் அது. பழைய மனநல ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநலக் கழகமும் சேர்ந்து 1974இல் உண்டான இடம். மனநலத்தோடு மூளை, நரம்பு வைத்தியமும் அங்கேதான். ஹெல்மெட் போடாமல் விழுந்து மண்டை உடைந்தவரையும் அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அப்போது யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. குடிநோய்க்கென்று சென்டர் ஃபார் அடிக்‌ஷன் மெடிசின் என்ற தனிப் பிரிவு இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள், வெளியே வரிசையில் நின்றால் காதில் பாதி தமிழ்தான் விழும். உங்களுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று தெரியும், இருந்தாலும் ராத்திரி என்ன நினைத்துக் குடித்தீர்கள் என்பதையெல்லாம் சொந்த மொழியில்தான் சொல்ல வரும்.

அவ்வளவு தூரம் மனசு வராவிட்டால், பீன்யா வேலை என்பதால் இ.எஸ்.ஐ. கார்டு இருக்கும் என்று நினைக்கிறேன், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ராஜாஜிநகரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள். லீவு போட்டால் சம்பளம் போகுமே என்ற கவலைக்கும் அங்கேயே பதில் உண்டு: சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்து டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அப்புறம், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது, குடிநோய்க்கும் அது பொருந்தும். அதன்படி உங்கள் சிகிச்சை விவரத்தை உங்கள் முதலாளி போன் செய்து கேட்டால் ஆஸ்பத்திரி சொல்லக் கூடாது. எங்கே தொடங்குவது என்றே தெரியாத ராத்திரிகளில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு அடியுங்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். போதைக்கென்றே உள்ள தேசிய எண் 14446.

எவ்வளவு நாள் படுக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது, பத்து நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். முதல் மூன்று நாள் நர்ஸ் வந்து வந்து கையை நீட்டச் சொல்வார், நடுக்கம் பார்க்க. நாலாம் நாள் வாக்கில் பசிக்க ஆரம்பிக்கும். பல பேர் அந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டு "எத்தனை வருஷம் ஆச்சு மேடம், காலையில பசிச்சு" என்பார்கள். ஐந்தாம் நாள் அதே ஆள் "எனக்குச் சரியாகிவிட்டது, டிஸ்சார்ஜ் கொடுங்கள்" என்று வந்து நிற்பார். தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் நிற்பீர்கள். உடம்பிலிருந்து விஷம் இறங்கியதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைக்கிற இடம் இதுதான். நிறுத்துவது ஒரு வாரத்து வேலை, நிறுத்தியபடியே இருப்பதற்குத்தான் மற்ற ஏற்பாடெல்லாம்.

அதற்கு மருந்தும் உண்டு. குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை, ஈரல் நிலையைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். இன்னொரு வகை டைசல்ஃபிராம். உங்கள் மனைவியின் பவுடர் பற்றிப் பேச இது தெரிய வேண்டும். குடித்ததை உடம்பு உடைக்கும்போது நடுவில் ஒரு விஷப்பொருள் உண்டாகும், சாதாரணமாக அடுத்த நிமிடமே அதையும் உடம்பு உடைத்துவிடும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது வேலையைத் தடுக்கிறது. அதை விழுங்கிவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அந்த விளைவு இருக்கும். தெரிந்து, சம்மதித்து, வீட்டில் ஒருவர் கையால் வாங்கித் தினமும் போடுகிறவருக்கு இது நல்ல வேலி, இருமல் டானிக்கிலும் அரிஷ்டத்திலும்கூட ஆல்கஹால் இருக்கலாம் என்பதால் அதுவரை விவரம் சொல்லிக் கொடுப்போம். தெரியாமல் சாம்பாரில் கலந்தால் அது வேலி இல்லை, கண்ணி. ஆன்லைனில் விற்கும் அந்தப் பவுடர்களில் என்ன இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஒன்றும் இல்லாத மாவாக இருந்தால் காசோடு போகும், மருந்து ஏதாவது கலந்திருந்தால் ஆளோடு போகும்.

ஆனால் அதற்காக அவரோடு சண்டை போட்டது தப்பு. தையல் மெஷினில் நாள் முழுக்க உட்கார்ந்து வந்து, உங்களுக்காகக் காசு சேர்த்து ஒரு டப்பா வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார், உங்களை விட்டுப் போக அவருக்கு மனசில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். தங்கச்சி, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று நினைத்து இரண்டு வரி: பாக்கெட்டைத் தேடித் தேடிக் கொட்டுவது, லீவு சொல்ல சூப்பர்வைசருக்கு அவருக்காகப் போன் போட்டுப் பொய் சொல்வது, இரண்டையும் விட்டுவிடுங்கள். போதையில் இருக்கும்போது எதையும் பேசாதீர்கள், காலையில் பேசுங்கள். குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கென்றே ஆல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன, 1951இல் தொடங்கிய அமைப்பு. அவர் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம்.

மச்சான் சொன்ன சென்டர். நல்ல மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பூட்டி வைக்கிறோம் என்பதையே விளம்பரமாகச் சொல்கிற இடங்களிலிருந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குக் கணுக்காலைச் சுற்றி வளையம் போலத் தழும்பு இருந்தது. அவர் வெளியே வந்த அன்றைக்கே குடித்தார், கோபத்தில். அதே 2017 சட்டத்தில் சங்கிலியால் கட்டுவது முழுக்கத் தடை. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சுயநினைவோடு சம்மதித்துச் சேருகிறவர் கிளம்புகிறேன் என்றால் அனுப்ப வேண்டும். முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவரை வேறொருவர் விண்ணப்பத்தில் சேர்ப்பதற்கும் தனி நடைமுறை உண்டு, முதல் அனுமதி 30 நாள் வரைதான். மச்சான் ஒரு கையெழுத்துப் போட்டு மூன்று மாதம் பூட்டிவிட முடியாது. பதிவுச் சான்று காட்டுங்கள், டாக்டர் தினமும் வருவாரா, வலிப்பு வந்தால் எங்கே கொண்டு போவீர்கள், நாங்கள் பார்க்க வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். "பார்க்க வரக்கூடாது" என்றால் அங்கிருந்தே திரும்பிவிடட்டும்.

இப்போது நான் சொன்ன அந்த நாலு பேர். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1935இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில், குடியிலிருந்து மீளப் பார்த்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. 1957இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பெங்களூரில் தமிழில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. பல இடங்களில் சர்ச் அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடப்பதால் இது மதம் மாற்றும் வேலை என்று ஒரு சந்தேகம் வரும். வாடகைக்கு அறை கிடைக்கிற இடம் அது, அவ்வளவுதான். நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்கிறவர்கள் நிறைய. சந்தா கிடையாது, அட்ரஸ் கேட்க மாட்டார்கள், முழுப் பெயர்கூட வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி.

முதல் நாள் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்து, சம்பளக் கவரோடு வீட்டுக்குக் கிளம்பி இரண்டு நாள் கழித்து கே.ஆர். மார்க்கெட் நடைபாதையில் செருப்பில்லாமல் எழுந்த கதையைச் சாதாரணமாகச் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள், கேலியாக இல்லை, தங்களுக்கும் அது நடந்ததால். நான் படித்தவள், வார்டில் இத்தனை வருடம் இருந்தவள், ஆனால் அந்தச் சிரிப்பை என்னால் தர முடியாது தம்பி, நான் அந்த நடைபாதையில் எழுந்ததில்லையே. அங்கே யாராவது ஒருவரிடம் போன் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும்போது கூப்பிட வேண்டிய நம்பர் அது. (டீயைப் பற்றி மட்டும் எந்த உத்தரவாதமும் கொடுக்க மாட்டேன்.) ஏ.ஏ. எல்லோருக்கும் ஒத்துவருவதில்லை, கடவுள் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. ஆறு கூட்டம் போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரி கவுன்சலிங்கிலேயே தொடரலாம்.

வெளியே வந்த முதல் மூன்று மாதம்தான் வழுக்கும். தூக்கம் சரியாக வராது, வாரக்கணக்கில்கூட ஆகும், அதற்காகப் பயந்துவிடாதீர்கள். ஆசை அலை மாதிரி வரும், கால் மணி அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் இறங்கிவிடும், அந்த நேரத்தில் எதையாவது சாப்பிடுங்கள். பையில் கடலைமிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், இனிப்புக்கு நாக்கு அலையும், அது நல்லதுதான். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நாலில் ஒன்று இல்லாமல் அந்த ஆசை பெரும்பாலும் வருவதில்லை. சம்பள நாளில் மனைவியை மெட்ரோ ஸ்டேஷனுக்கே வரச் சொல்லுங்கள். போனில் இருக்கும் பணக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு அவர் கையில் கொடுங்கள். சாவு வீட்டுக்குப் போனால் மாலை போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, பந்தலில் பாட்டில் திறக்கும் முன்னே கிளம்புங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

நடுவில் ஒரு நாள் சறுக்கலாம். இது பலருக்கும் நடக்கிறது. போச்சு, எல்லாம் போச்சு என்று அன்று ஒரு நைன்டியோடு நிற்காமல் ஒரு மாதம் குடிப்பதுதான் உண்மையான சேதம். மறுநாளே டாக்டரிடமோ அந்த நம்பருக்கோ சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். 2019இல் வெளிவந்த எய்ம்ஸ் தேசியக் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருந்தார். சறுக்கிவிட்டுத் திரும்பி வருகிறவரும் எனக்கு அந்த ஒருவர்தான், மிச்ச 37 பேர் வாசலுக்கே வரவில்லையே.

கடைசியாக மகள். மாலையோடவே இரு என்கிறாளே, அவள் கேட்பது துளசி மணியை இல்லை. மாலை போட்டால் அப்பா விடிகாலையில் எழுந்து குளிக்கிறார், குருசாமியும் மற்ற சாமிமார்களும் தேடி வருகிறார்கள், வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது, யாராவது ஊற்றிக் கொடுக்க வந்தால் "சாமி மாலை போட்டிருக்கு" என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த 48 நாளை நான் தள்ளிவிட மாட்டேன் என்றது இதற்குத்தான். அப்போது நீங்கள் தனியாக நிறுத்தவில்லை, ஊரறிய, நாலு பேர் துணையோடு நிறுத்தினீர்கள். ஆஸ்பத்திரியில் முதல் வாரத்தைத் தாண்டி, டாக்டரும் சரி என்று சொன்னால் அடுத்த கார்த்திகைக்குத் தாராளமாக மாலை போடுங்கள், குருசாமியிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். அவளிடம் "இனிமே குடிக்கவே மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள், அதை அவள் நிறைய கேட்டிருப்பாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இன்ன கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறேன், இந்தக் கிழமை நீ என்னைப் பார்க்க வா" என்று சொல்லுங்கள்.

நிம்ஹான்ஸுக்கும் பீன்யாவுக்குப் போகிற அதே மெட்ரோ பச்சை லைன்தான். எதிர் பிளாட்பாரத்தில் நின்று லால்பாக்கில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோ. தனியாகப் போகாதீர்கள், மனைவியோ அம்மாவோ கூட வரட்டும். ஆதார், இ.எஸ்.ஐ. கார்டு, பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் அதுவும், அந்தக் கிளினிக் சீட்டு, இரண்டு செட் துணி. கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்பார்கள், குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவே அதை வைத்துத்தான். அப்புறம் அந்தப் பவுடர் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் பார்ப்பதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் சாம்பாரில் விழுந்திருந்தால் டாக்டருக்கு அது தெரிய வேண்டும், வீட்டில் கோபப்படாமல் கேளுங்கள்.